இளைஞரும் புகையும்: ஒரு வரலாற்று நோக்கு

இளமைக்குப் புகைத்தல் இயல்பு என்று எண்ணுவோர் பலர். மீசை அரும்பும் பருவத்து மாணாக்கன் ஒருவன் சிகரெட்டை நாடுவது அப்பருவத்துக்கே உரிய குறும்புகளுள் ஒன்றென்றும், வயது முதிர்ந்தால் அது தானே நீங்குமென்றும் அவர் அமைதி கூறுவர். வேறு சிலர் அதனைக் காலக்கேடென்றும் ஒழுக்கச் சிதைவென்றும் கடிந்துரைத்து அவ்வளவில் அமைவர். இவ்விரு சாராரும் ஒரு வினாவைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். இளைஞர் எக்காலத்தும் புகையை நாடினரா? அன்றெனின், எப்பொழுது, எதனால், எவர் முயற்சியால் நாடத் தொடங்கினர்? இவ்வினாவுக்கு விடை தரவல்லது ஒழுக்க நூலன்று, வரலாறே.

வினா சிறியதன்று. புகையிலையால் ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. இறப்போர் பெரும்பாலும் நடுவயதினரும் முதியோருமாவர். ஆயின், நாள்தோறும் புகைக்கும் வளர்ந்தோரை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், அவருள் பத்தில் ஏறக்குறைய ஒன்பதின்மர் 18 வயது நிறைவதன் முன்னரே முதற் சிகரெட்டைச் சுவைத்தவர் என 2012ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அறுபது வயதினரைக் கொல்லும் நோய்க்கு வித்து பதினாறு வயதில் ஊன்றப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டின் இறுதியிற் கொலம்பசு கியூபாத் தீவின் உள்நாட்டுக்கு அனுப்பிய இருவர், அங்குள்ள மக்கள் இலைச்சுருளைக் கொளுத்திப் புகை குடித்ததைக் கண்டுவந்து கூறினர். 1560ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கலில் பிரான்சின் தூதுவராயிருந்த ஜோன் நிக்கோ என்பார் அச்செடியைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். அவர் பெயரே பின்னர்ச் செடியின் தாவரப் பெயருக்கும், அதன் சாரமாகிய நிக்கொட்டீனுக்கும் வழங்கலாயிற்று. 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதினார். மன்னர் எழுத்து மக்கள் பழக்கத்தைத் தடுத்திலது. குழாயிலிட்டுப் புகைத்தும், பொடியாக்கி மூக்கிலிட்டும், வாயிலிட்டு மென்றும், சுருட்டாகச் சுற்றியும் உலகெங்கும் அதனை மாந்தர் பயன்படுத்தலாயினர்.

தமிழ்நாட்டாரும் அதனை விரைந்து ஏற்றனர். தூது என்னும் பிரபந்த வகையிற் புகையிலையைத் தூதுவிடும் நூலொன்றும் தமிழிற் பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ புகையிலை வெறும் பழக்கமன்று; அது வாழ்க்கையின் ஆதாரமாகவே விளங்கிற்று. கிணற்று நீரைத் துலாவால் இறைத்துப் பாய்ச்சி உழவர் வளர்த்த இலை, மெல்லும் புகையிலையாகத் திருவிதாங்கூருக்குத் தோணியேறிற்று. 1934இல் நிறுவப்பெற்ற மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அவ்வணிகத்தின் பெருமைக்குச் சான்றாம். சுருட்டுக் கொட்டில்களிற் பலர் பிழைத்தனர். இக்குடாநாட்டிற் பிள்ளைகளின் கல்விக்கு உதவிய பணத்தில் ஒரு பகுதி அவ்விலையிலிருந்து வந்ததென்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அறமாகாது.

ஆயினும் அப்பழைய புகையிலைக்கும் இன்றைய சிகரெட்டுக்கும் இடையே ஒரு பெருவேறுபாடு உண்டு. சுருட்டும் மெல்லும் புகையிலையும் காரம் மிக்கன. சுருட்டின் புகை தொண்டையை எரிக்கும். அதனை நெஞ்சுக்குள் இழுத்தல் அரிது. புகைப்போர் வாயளவிலே வைத்து வெளிவிடுவர். வாய்ப்புற்று முதலிய கேடுகள் அதனாலும் விளைந்தன என்பது உண்மையே. எனினும், பயிலாத இளம் வாய்க்கு அது எளிதிற் பணிவதன்று. முதன்முறை சுவைக்கும் சிறுவனுக்கு இருமலும் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகி, ‘இது வேண்டா’ என்று உடலே உரைத்துவிடும். இயற்கை இளமைக்கு இட்ட வேலி என்று அதனைக் கூறலாம்.

அவ்வேலி எத்துணை வலியது என்பதற்கு இங்கிலாந்து வரலாற்றில் ஒரு சுவையான சான்று உளது. 1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் வருத்தியபொழுது, புகையிலைப் புகை நோயைத் தடுக்குமென மருத்துவர் சிலர் நம்பினர். ஈற்றன் கல்லூரி மாணாக்கர் காலைதோறும் புகைக்கும்படி பணிக்கப்பட்டனர். ஒருநாட் காலை புகைக்காமைக்காகத் தாம் பெற்ற பிரம்படியைப்போல் வாழ்நாளில் வேறெப்பொழுதும் பெற்றதில்லையென, அக்காலத்து மாணாக்கர் ஒருவர் முதுமையிற் கூறிய செய்தியைத் தோமஸ் ஹேர்ன் என்னும் பழம்பொருளறிஞர் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். புகைக்கச் செய்யப் பிரம்பு வேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது. இளமைக்குப் புகை இயல்பான விருப்பமெனின், அங்கே பிரம்புக்கு வேலை யாது?

அவ்வேலி நீக்கப்பட்ட வரலாறே சிகரெட்டின் வரலாறு. அதனை நீக்கியவை இரண்டு: இலையைப் பதப்படுத்தும் புதுமுறை ஒன்று; இயந்திரம் மற்றொன்று. 1839இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ஸ்டீபன் என்னும் அடிமைத் தொழிலாளி, அணையும் தறுவாயிலிருந்த நெருப்பிற் கரியை இட்டு வெப்பத்தைத் திடீரென உயர்த்த, இலை பொன்னிறமாக உலர்ந்ததென்பது அந்நாட்டில் வழங்கிவரும் செய்தி. பின்னர் வெப்பக் குழாய்களால் உலர்த்தும் முறை பரவிற்று. அங்ஙனம் உலர்ந்த இலையிற் சர்க்கரை மிகுதியாக நிற்கும். அதன் புகை சற்று அமிலத்தன்மை உடையதாய் மென்மையாகும். மென்மையான புகையை நெஞ்சுக்குள் இழுக்கலாம். நெஞ்சுக்குள் இழுத்த நிக்கொட்டீன் குருதியிற் கலந்து சில நொடிகளில் மூளையை அடையும். தொண்டைக்கு இதமாயிருப்பது மூளையைப் பிணிப்பதில் வலிதாயிற்று.

இனி இயந்திரம். கையாற் சிகரெட்டுச் சுற்றும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்றுவதே பெரிது. ஜேம்ஸ் பொன்சாக் என்னும் இளைஞர் ஆக்கி 1881இல் உரிமைப் பத்திரம் பெற்ற இயந்திரமோ பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 1,20,000 சிகரெட்டுகளைச் சுற்றித் தள்ளிற்று. வட கரோலைனாவின் டேர்ஹம் நகரத்து வணிகர் ஜேம்ஸ் புக்கானன் டியூக் அவ்வியந்திரத்தை ஏற்றார். பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனம் பிரித்தானியாவில் அதற்குரிய உரிமையை 1883இற் பெற்றது. 1888இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘வூட்பைன்’ சிகரெட்டு, பென்னி ஒன்றுக்கு ஐந்தாக விற்கப்பட்டது. தொழிற்சாலைச் சிறுவனும் செய்தித்தாள் விற்கும் பையனும் அதனை வாங்கக்கூடியவராயினர்.

இயந்திரம் ஆக்கியதை எல்லாம் யாரோ குடித்தாக வேண்டும். அதுகாறும் தேவைக்கேற்பப் பண்டம் ஆக்கினர்; இப்பொழுது பண்டத்துக்கேற்பத் தேவையை ஆக்கவேண்டியதாயிற்று. பெட்டி வளையாதிருக்க வைக்கப்பட்ட அட்டைத் துண்டில் நடிகையர், போர்வீரர், பந்தாட்ட வீரர், பறவைகள் முதலியோர் படங்கள் வண்ணத்தில் அச்சிடப்பட்டன. அவை தொகுதி தொகுதியாக வந்தமையாற் சிறுவர் அவற்றைத் தேடித் திரட்டினர். இங்ஙனம், புகைக்காத சிறுவனின் கையிலும் சிகரெட்டு நிறுவனத்தின் பெயர் முதலிலே புகுந்துகொண்டது.

விளைவு விரைவிலே தெரிந்தது. தென்னாபிரிக்கப் போருக்கு ஆள் திரட்டியபொழுது வாலிபர் பலர் உடல்நலம் குன்றியிருந்தமை கண்டு பிரித்தானிய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1904இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, சிறுவருக்குப் புகையிலை விற்றலைத் தடுக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1908ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட்டு விற்றலைத் தடுத்தது. அமெரிக்காவில் லூசி பேஜ் காஸ்ரன் என்னும் பெண்மணி 1899இற் சிகரெட்டு எதிர்ப்புக் கழகம் நிறுவிச் சிறுவரிடையே உழைத்தார்.

அதே 1908இல் வெளியான சாரணர் கைந்நூலில் பேடன் பவல், எச்சிறுவனும் சுவைக்காகப் புகைக்கத் தொடங்குவதில்லையென்றும், தோழர் எள்ளுவரென்ற அச்சத்தாலோ, பெரியவனாகத் தோன்றலாம் என்ற ஆசையாலோ தொடங்குகின்றானென்றும் கருத்துரைத்தார். இக்கருத்து ஆழ்ந்து நோக்கற்பாலது. இளைஞனை இழுப்பது புகையன்று. புகை எதற்கு அடையாளமாக நிற்கின்றதோ அதுவே. வளர்ந்தோர் கூட்டத்தில் ஒருவனாகும் வேட்கையும், நண்பரிடைத் தனித்துப்போகும் அச்சமும் இளமைக்கு இயல்பே. அவ்வியல்பான வேட்கையைச் சிகரெட்டுடன் முடிச்சிட்டதே செயற்கை.

அம்முடிச்சு இருபதாம் நூற்றாண்டிற் பல கைகளால் இறுக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டுப் போரிற் படைவீரருக்குச் சிகரெட்டு உணவுடன் வழங்கப்பட்டமையால் அது ஆண்மைக்கும் தோழமைக்கும் சின்னமாயிற்று. பெண்கள் பொதுவிடத்திற் புகைத்தல் இழிவெனக் கருதப்பட்டமையால் சந்தையிற் பாதி மூடிக்கிடந்தது. அதனைத் திறக்க விரும்பிய அமெரிக்கப் புகையிலை நிறுவனம் எட்வேட் பேர்னேஸ் என்னும் விளம்பர வல்லுநரை அமர்த்திற்று. அவர் ஏற்பாட்டின்படி 1929ஆம் ஆண்டு ஈஸ்ரர் திருநாளன்று நியூயோர்க் வீதியில் இளம்பெண்கள் சிலர் சிகரெட்டுக் கொளுத்தி நடந்தனர். அவை விடுதலைத் தீப்பந்தங்கள் எனப்பட்டன. செய்தித்தாள்கள் அதனைப் பெண்கள் தாமே எழுப்பிய உரிமைக் குரலாக வெளியிட்டன. பின்னர் மால்பரோ சிகரெட்டின் விளம்பரத்தில் குதிரையேறிய மாட்டிடையன் தோன்றினான். முன்னர்ப் பெண்களுக்கென விற்கப்பட்ட அச்சிகரெட்டு, 1950களின் நடுப்பகுதியில் எவர்க்கும் அடங்காத ஆண்மகனின் சின்னமாக மாற்றப்பட்டது. அதன் அடையாளம் மாறிற்று. இரு விளம்பரத்திலும் விற்கப்பட்ட பொருள் விடுதலை என்பது கருதத்தக்கது.

1950இல் இங்கிலாந்தின் டோல், ஹில் என்போரும் அமெரிக்காவின் வைண்டர், கிரகம் என்போரும் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனி ஆராய்ச்சிகளால் வெளியிட்டனர். 1954 தை மாதத்தில் அமெரிக்கச் சிகரெட்டு நிறுவனங்கள் நானூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டு, மக்கள் உடல்நலத்தைக் காப்பது தம் தலையாய கடமையென உறுதி கூறின. 1962இல் இலண்டன் வேத்தியல் மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரும் அறிக்கைகள் வெளியிட்டு ஐயத்துக்கு இடமின்றித் தொடர்பை நிலைநாட்டினர். நிறுவனங்களோ ஐயம் நீங்கவில்லையென்றே பல ஆண்டுகள் கூறிவந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவாம்.

புகைப்போருட் பலர் இறந்தனர். பலர் அஞ்சி விட்டனர். அவ்விடத்தை நிரப்பப் புதியோர் வேண்டுமன்றோ? வழக்குகளின் வாயிலாகப் பிற்காலத்தில் வெளிப்பட்ட நிறுவனங்களின் உள்ளகப் பத்திரங்கள் இதற்கு விடை கூறுகின்றன. 1963இல் ஒரு நிறுவனத்தின் சட்டத்துறைத் தலைவர், தம் வணிகம் பழக்க அடிமையாக்கும் நிக்கொட்டீனை விற்பதே என எழுதினார். 1973இல் வேறொரு நிறுவனத்தின் வேதியியலறிஞர், இளைஞர் சந்தைக்கான புதுச் சிகரெட்டு குறித்து ஒரு குறிப்பு வரைந்தார். புதிதாகப் பழகுவோருக்குப் புகையின் உடல் விளைவு இன்பமன்று என்றும், ஆதலின் கூட்டத்தோடு ஒன்றுதல் போன்ற மனவுணர்வுகளே அவரைத் தொடங்கச் செய்யுமென்றும் அதிற் கூறினார். 1981இல் மற்றொரு நிறுவனத்தின் ஆய்வறிக்கை, இன்றைய பதின்பருவத்தினரே நாளைய நிலையான வாடிக்கையாளராவர் எனக் கணக்கிட்டது.

பேடன் பவலின் கூற்றையும் 1973ஆம் ஆண்டுக் குறிப்பையும் அருகருகே வைத்து நோக்குக. இரண்டும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. ஒருவர் அவ்வுண்மையைக் கண்டு சிறுவரை எச்சரித்தார். மற்றவர் அதனையே திட்டமாக்கினார்.

திட்டம் பலித்தது. 1988இல் அமெரிக்காவில் ‘ஜோ கமல்’ என்னும் ஒட்டகக் கேலிச்சித்திரம் சிகரெட்டு விளம்பரத்திற் புகுந்தது. மூன்றாண்டுக்குப் பின் வெளியான மருத்துவ ஆய்வொன்றில், ஆறு வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் அவ்வொட்டகத்தைச் சிகரெட்டுடன் சரியாகப் பொருத்தினர். மிக்கி எலியை அறிந்தோர் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. 1994இல் ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்கக் கொங்கிரஸ் முன் சத்தியம் செய்து, நிக்கொட்டீன் அடிமையாக்காது எனத் தாம் நம்புவதாகக் கூறினர். 1998இல் 46 மாநிலங்களுடன் செய்த உடன்படிக்கையால் கேலிச்சித்திர விளம்பரங்கள் தடைப்பட்டன. 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், நிறுவனங்கள் பொதுமக்களைப் பல்லாண்டு ஏமாற்றினவெனவும் இளைஞரை இலக்காகக் கொண்டனவெனவும் தீர்ப்பளித்தார்.

இவ்விடத்து இளமூளையின் இயல்பையும் அறிதல் வேண்டும். மனித மூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. இன்பத்தைத் தேடும் பகுதி முந்தி முதிர, பின்விளைவை எண்ணிக் கட்டுப்படுத்தும் முன்பகுதி பிந்தி முதிர்கின்றது. நிக்கொட்டீன் மூளையின் ஏற்பிகளிற் பொருந்தி, டோபமின் என்னும் பொருளைச் சுரப்பித்து, மீண்டும் வேண்டும் என்னும் வேட்கையை எழுப்பும். வளரும் மூளையில் இவ்வழி விரைவிற் பதியும். நாள்தோறும் புகைக்கத் தொடங்குவதன் முன்னரே, விடமுடியாத உணர்வு சில சிறுவரிடம் தோன்றிவிடுவதுண்டு. ‘வேண்டியபோது விடுவேன்’ என்று கூறும் இளைஞன் பொய் கூறுகின்றானல்லன். தன் கையிலிருந்த திறவுகோல் எப்பொழுது பிறர் கைக்கு மாறியதென்பதை அவன் அறிகின்றிலன்.

இலத்திரனியற் சிகரெட்டின் வரலாறு இப்பழைய வரலாற்றின் மறுபதிப்பேயாம். சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் 2003இல் அமைத்த கருவி, புகைக்கும் பழக்கத்தை விடுவதற்கு உதவியாகவே கருதப்பட்டது. வளர்ந்தோர் சிலர் அதனாற் சிகரெட்டை விட்டமையும் உண்மையே. எனினும், 2015இல் அமெரிக்காவில் ‘ஜூல்’ என்னும் கருவி வந்தபின் நிலை மாறிற்று. முன்னைய கருவிகளில் நிக்கொட்டீனை மிகுத்தால் தொண்டை எரியும். ஜூல் நிறுவனத்தார் பென்சோயிக்கமிலத்தைச் சேர்த்து நிக்கொட்டீனை உப்பாக்கினர். எரிவு தணிந்தது, செறிவு உயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பொன்னிற இலை செய்த வேலையை இருபத்தோராம் நூற்றாண்டில் உப்பு செய்தது. மாம்பழச் சுவையும் புதினாச் சுவையும் எஞ்சிய வேலியையும் அகற்றின. கணினியிற் செருகும் ‘பென்டிரைவ்’ போன்ற வடிவம் ஆசிரியர் கண்ணுக்கும் பெற்றோர் கண்ணுக்கும் அதனை மறைத்தது. இளைஞர் உருவங்கள் நிறைந்த வண்ண விளம்பரங்கள், பழைய அட்டைப் படங்களின் தொழிலை ஏற்றன.

2017இல் அமெரிக்க உயர்பள்ளி மாணாக்கருள் நூற்றுக்கு 11.7 பேர் இக்கருவிகளைப் பயன்படுத்தினர்; 2018இல் 20.8 பேர், 2019இல் 27.5 பேர். 2018 மார்கழியில் அந்நாட்டுத் தலைமை மருத்துவர் இதனைக் கொள்ளைநோய் என அறிவித்தார். அதே மாதத்திற் பழைய சிகரெட்டு நிறுவனமாகிய அல்ட்ரியா, ஜூல் நிறுவனத்தின் 35 வீதப் பங்கை 1,280 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2022இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் விசாரணையை முடிக்க ஜூல் நிறுவனம் 43.85 கோடி டொலர் செலுத்த இசைந்தது.

இளமைக்குப் புகைத்தல் இயல்பன்று என்பதற்கு இறுதிச் சான்று, அது குறைந்த வரலாறு. 1997இல் அமெரிக்க உயர்பள்ளி மாணாக்கருள் நூற்றுக்கு 36.4 பேர் சிகரெட்டுப் புகைத்தனர். 2019இல் 6 பேரே புகைத்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளில் இளமையின் இயல்பு மாறிவிடவில்லை. விலை உயர்ந்தது, விளம்பரம் தடைப்பட்டது, பொதுவிடங்களிற் புகை நீங்கிற்று, நிறுவனங்களின் உள்நோக்கம் வெளிப்பட்டது. சட்டங்களும் எச்சரிக்கைகளும் இறுகியபின், ஆவிக் கருவிகளைப் பயன்படுத்தும் உயர்பள்ளி மாணாக்கர் தொகையும் 2024இல் நூற்றுக்கு 7.8 ஆகத் தாழ்ந்தது. இயல்பெனின் இங்ஙனம் ஏறியும் இறங்கியும் நிற்குமோ? மனிதர் கட்டியதை மனிதர் அவிழ்த்தனர் என்பதே உண்மை.

இலங்கையும் இதில் உறங்கியிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகாரசபையை நிறுவி, 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்றலையும் புகையிலை விளம்பரத்தையும் தடுத்தது. சிகரெட்டுப் பெட்டியின் பெரும்பகுதியில் நோயின் படம் இடம்பெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆயினும், பாடசாலை மதிலுக்கு அப்பால் நிற்கும் கடைக்காரரின் மனச்சான்றைச் சட்டம் முற்றும் ஆளவல்லதன்று. கைத்தொலைபேசித் திரையில் வந்து சேரும் வண்ணப் படங்களையும் அது முற்றும் தடுக்கவல்லதன்று.

ஆதலின் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. புற்றுநோயைக் காட்டி அச்சுறுத்தல் மட்டும் போதாது. பதினாறு வயதினனுக்கு அறுபது வயது மிகத் தொலைவிலுள்ள நாடு. பிரம்பும் பயன்படாது, தடுக்கப்பட்ட கனிக்கு அது சுவையேற்றும். இளைஞன் பெரிதும் போற்றுவது தன் உரிமையை. பெரிதும் வெறுப்பது பிறரால் ஏமாற்றப்படுதலை. அவ்வுரிமையுணர்வையே தூண்டிலில் இரையாகக் கோத்தவர் எவரென்பதையும், தொண்டை எரியாதிருக்க உப்புச் சேர்த்தவர் எவரென்பதையும், ஆறு வயதுப் பிள்ளையின் மனத்தில் ஒட்டகத்தைப் பதித்தவர் எவரென்பதையும் ஆண்டுகளோடும் சான்றுகளோடும் அவனுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். அங்ஙனம் அறிந்த மாணாக்கன் சிகரெட்டை மறுக்கும்பொழுது பெரியோருக்குப் பணிந்து மறுப்பதாகக் கருதான். தன்னைத் தானே ஆள்வதற்காக மறுப்பதாகக் கருதுவான். பெரியவனாக வேண்டும் என்னும் அவன் வேட்கைக்கு அதனினும் சிறந்த நிறைவு வேறில்லை.